உன் தலைமாட்டுப் பூவரசு

ஆசை ராத்தாவுக்கு, கூடப் பிறந்தவளின் சலாம்.

உன் சிவலைப் பசு சினையாக இருக்கிறது. உனக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். அடுத்தது அவ்வளவு நல்லதல்ல. இந்த வருஷம் மழை நம் ஊர் மாம்புரியை மறந்தேவிட்டது. தென்னந்தோட்டத்துப் புல்லெல்லாம் கருகி, மணல்தான் மிச்சம்.

நம் பூவரச வேலியை நம்பித்தான் மாட்டை வைத்திருந்தேன். நீ வெட்டுகிற மாதிரியே வெட்டினேன். பக்கக் கொப்பு மாட்டுக்கு, நுனிக் குருத்து மரத்துக்கு. உச்சியில் கத்தி வைத்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருப்பாயா நீ? ஆனாலும் ஒரு வேலி எத்தனை நாளைக்குத் தாங்கும்? மரங்கள் தலையில் நாலு இலையோடு நின்றன. மாட்டின் விலா எலும்பு தெரியத் தொடங்கியது.

மச்சான் பாலாவியில் ஒரு மாட்டு வியாபாரியிடம் பேசிவிட்டார். உன்னைக் கட்டினவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, உனக்குத் தெரியும். பட்டினி போட்டுக் கொல்வதைவிட விற்பது மேல் என்றார். வாங்குகிறவன் பாலுக்கா வாங்குவான் என்று கேட்டேன். மூச்சு முட்டும்போதும் அந்த மாட்டை விற்க வேண்டாம் என்றுதானே கேட்டாய்? அது அவருக்கு மட்டும் மறந்திருக்குமா?

உன்னை மையவாடியில் அடக்கிய அன்று, நம் வேலியில் வெட்டிய பூவரசங் கொப்பைத்தான் தலைமாட்டில் நட்டார்கள். அது வேர்விட்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. மச்சான் தினமும் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு அதற்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார். பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. நான் மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். ஊரே காய்ந்து கிடக்க, அது மட்டும் தளதளவென்று நின்றது. அந்த இலையைப் பார்த்து என் மனம் எங்கே போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கப்றின் மேல் பச்சை இருக்கும்வரை அது உனக்காக அல்லாஹ்வைத் துதித்து தஸ்பீஹ் செய்யும் என்று நம்புகிற மனிதரிடம் எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை.

வியாபாரி வருவதாக இருந்த காலையில், மச்சான் மையவாடியிலிருந்து ஒரு கட்டுப் பூவரசங் குழையோடு வந்தார். கண் சிவந்திருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்:

“அவட மரம், அவட மாடு. தடுக்கிறத்துக்கு நான் ஆரு மச்சி?”

நுனிக் குருத்தை விட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

“ஓம், உட்டுட்டுத்தான் வெட்டின.”

மாடு தின்று முடியும்வரை கட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அது ஒரு வேளைத் தீனிதான். ஆனால் வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழை பறிக்கும் உன் கொக்கைத்தடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர், பொழுது சாய ஆலங்குழையும் இத்திக்குழையுமாக வந்தார். உன் காலத்தில் ஒரு நாளாவது குழை வெட்டினவரா அவர்? இப்போது தினமும் போகிறார். கையெல்லாம் கீறல்.

மதிலடியில் நின்று பார்த்தேன் ராத்தா. உன் மரத்தில் வெட்டின இடமெல்லாம் துளிர்த்திருக்கிறது. இனி அதில் கத்தி படாது, நான் பொறுப்பு. பசு கன்று போட்டதும், கன்றை அந்த மதிலடிக்குக் கூட்டி வருகிறேன். நான் வெளியே நின்று அழுவது உனக்குக் கேட்கிறதோ என்னவோ, கன்று கத்தினால் உனக்குக் கேட்கும்.

உன் வேலியைக் காத்துவரும்
உன் தங்கச்சி