செல்வன் வீட்டு டெக்

நவம்பர், இரண்டாம் ஞாயிறு. இரவு.

அருவருப்பு இன்னும் அடங்கவில்லை. ரானுயி புறநகரில் உள்ள, மனைவியின் தம்பி செல்வனின் வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆங்கிலேய நகைச்சுவைப் படம் பார்த்தோம். இரண்டு பொலிஸ்காரர் சேர்ந்து ஊரையே நொறுக்கும் சண்டைப் படங்களைக் கேலி செய்வதாம். அதில் ஒருவன், பெற்ற தாய்க்கே அபராதச் சீட்டு எழுதுகிறவன்.

“அத்தான், இது உங்களைப் பாத்துத்தான் எடுத்திருக்கிறாங்கள்!” என்றான் செல்வன். என் மகள் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவன் உடனே, “அப்ப எங்கட டெக்குக்கும் ஒருக்கா கையெழுத்து வைச்சு விடுங்கோவன்” என்றான். வீட்டின் பின்புறம் அனுமதி பெறாமல் பலகையால் கட்டிய திறந்த மேடைதான் அந்த டெக். நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரம். கைப்பிடி தொட்டால் ஆடுகிறது. அவனுடைய இரட்டைப் பிள்ளைகள் அதில்தான் தொங்கி விளையாடுகிறார்கள். பதினெட்டு ஆண்டுகளாக நகரசபைக் கட்டடப் பரிசோதகனாக இருக்கும் நான், “பாப்பம்” என்றேன். படத்தில் வந்த கோமாளியாகத் தெரியக்கூடாது என்பதற்காக.

வீட்டுக்கு வந்ததும் செய்தி அனுப்பினேன்: “கையெழுத்து வைக்கமாட்டேன். கைப்பிடியைத் திருத்தும்வரை பிள்ளைகளை அங்கே விடாதே.”

பதில் வந்தது: “ஓம், இன்ஸ்பெக்டர் சேர்!” கூடவே விழுந்து சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நாளை காலை முறைப்பாட்டுப் படிவத்தில் அவன் முகவரியை எழுதுவேன். பரிசோதனைக்கு வேறொருவர் போவார். உறவினனான நான் போகக்கூடாது. எல்லோரும் இன்னொரு முறை சிரிக்கட்டும்.