வாசலில் நின்று விசாரித்தவன்

என் மூத்த மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அதை மட்டும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு இந்த ஊர்க் கிடங்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று தம்பியை விசாரிக்கச் சொல் என்று கேட்டிருந்தாய். உன் தம்பி விசாரித்தான். வேலை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரமாகப் பார்த்து அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றிருக்கிறான், ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள். கணக்குப் பிரிவு ஆட்களோடு டீ குடித்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறான். சொன்ன சம்பளத்தில் பாதிதான் கைக்கு வருமாம், மீதி ஊக்கத்தொகை என்று காகிதத்தில்தான் இருக்குமாம், அதை வாங்கினவர் ஒருவரையும் இவன் பார்க்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்போகும் நாற்காலியில் போன வருஷம் மட்டும் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். அங்கே இருக்கிற வாட்ச்மேன், "உள்ள வர்றவங்க முகம் எனக்கு மனசுல நிக்கறதில்ல தம்பி, கோவமா வெளிய போறவங்க முகம்தான் நிக்குது" என்றாராம். அதோடு விட்டானா, பக்கத்துத் தெருக்களில் ஏறி இறங்கி வாடகை கேட்டு, தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வரும் என்று கேட்டு, பிள்ளைகளைச் சேர்க்கப்போகும் பள்ளியில் கட்டணமும் கேட்டு வந்தான். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் இப்போது உங்கள் கையில் நிற்பதுகூட நிற்காது. வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். இதையெல்லாம் தான் செய்ததாக எழுதக் கூடாது, "அக்கா கேட்டா நீயே விசாரிச்சதா சொல்லிடும்மா" என்றான். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்.

இதே கேள்விகளைத்தானேடி அவன் உன்னிடம் கேட்டான். ஏசி ரிப்பேர்க் கடையில் நிம்மதியாக இருந்தான், முதலாளி ஒன்றாம் தேதி சம்பளத்தைக் கையில் வைத்துவிடுவார். உங்கள் ஊரில் பெரிய கம்பெனி, இதைவிட இரண்டு மடங்கு என்று நீதான் சொன்னாய். அக்கா, தங்க என்ன ஆகும், சாப்பாட்டுக்கு என்ன ஆகும், பிடித்தம் உண்டா, அங்கே வேலை பார்க்கிற யாரையாவது கேட்டியா என்று போனில் அவன் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "எல்லாம் விசாரிச்சாச்சு, நீ கிளம்பி வா" என்றாய். அப்புறம் ஒரு நாள் மாப்பிள்ளை என்னிடம் சிரித்துக்கொண்டே, "அவ எங்க விசாரிச்சா அத்தை, நெட்ல கட்டடத்தோட போட்டோவைப் பார்த்தா" என்றார். அவருக்கு அது வேடிக்கை.

அவன் அங்கே வாடகைக்கு எடுத்தது அறை இல்லை, ஒரு கட்டில். பகலில் அவன் வேலைக்குப் போனால் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பையன் ஒருவன் அதே கட்டிலில் படுப்பான். சீருடைக்கு, வண்டிக்கு, கருவிக்கு என்று பிடித்தது போக வந்த சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் குறைவு. மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது உனக்குப் போன் செய்தான். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வா என்றாயாம். இதை அவன் சொல்லவில்லை, அந்தக் கட்டிலைப் பங்கு போட்ட பையன்தான் அவனை ரயிலேற்றிவிட்டு எனக்குப் போன் செய்து சொன்னான். ஸ்டேஷனில் இறங்கினவனை அப்பா அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டார். பழைய கடையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

இத்தனைக்கும் அவன் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. நீ ஏமாந்து போய்ச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். கேட்காமலே கேட்டதாகச் சொன்னாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், பிள்ளைகளை மழையில் விடாதே. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் கும்பிடுகிறேன், பெற்ற வயிறு வேறு என்ன செய்யும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஒப்பந்தம் முடியும் முன்னே வந்துவிட்டான் என்று அவனுடைய அசல் படிப்புச் சான்றிதழ்களை அந்தக் கம்பெனி இன்னும் பிடித்து வைத்திருக்கிறது, அது இல்லாமல் இங்கே எவனும் நிரந்தர வேலை தரமாட்டேன் என்கிறான். அந்த ஆபீஸ் உன் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டாப்தான். போனில் கேட்காதே, போட்டோ பார்க்காதே. நேரில் போய், கொடுக்கிற வரைக்கும் வாசலில் நில்.

உன் அம்மா