அந்தோணியின் வாட்சு இன்னும் நடக்கிறது

அக்டோபர் 30, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. இன்றைய வேலைகள்: தண்ணீர் பில், மகள் ஷீலாவுக்குப் போன், அந்தோணியின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது. கடைசி வேலையை இன்றும் தொடவில்லை.

நாளையோடு அவர் போய் மூன்று வாரம். அவருடைய கைப்பேசி ஹாலில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, சார்ஜில் இருக்கிறது. போனவருக்கு எதற்கு சார்ஜ் என்று கேட்டாள் மகள். யாராவது கூப்பிடலாம் என்றேன். யாரும் கூப்பிடுவதில்லை. சத்தத்தை அடைத்து வைத்திருந்தாள். அவள் பினாங்குக்குத் திரும்பியதும், நேற்று, திறந்துவிட்டேன். வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போடட்டும் என்றுதான்.

இன்று காலை பசியாறிக்கொண்டிருந்தபோது டிங் என்றது. போய்ப் பார்த்தேன். சபாஷ் அந்தோணி, இன்றைய நடையை முடித்துவிட்டீர்கள் என்று இங்கிலீஷில் வாழ்த்து. பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு இதயம், துடித்துக்கொண்டு.

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

வெயில். இன்றும் டிங். ஏறக்குறைய அதே நேரம், அவர் நடந்துவிட்டுத் திரும்பி வரும் நேரம்.

ஷீலாவிடம் சொன்னேன்.

"பழைய டேட்டாம்மா. லேட்டா வந்திருக்கும்லா."

"பழசுன்னா இன்னைக்கித் தேதி ஏன் போட்டிருக்கு?"

"அந்த அக்கவுண்டையே அழிச்சிருவோம்மா. இங்கருந்தே அழிச்சிருவேன்."

"தொட்டுப் பாரு!" என்று கத்தினேன். பாவம், பிள்ளை பயந்துவிட்டது.

வாட்சு அவள் வாங்கிக் கொடுத்தது. ஜனவரியில் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டெண்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். ஷீலா வாட்சோடு வந்தாள். கைப்பேசிக்குப் பக்கத்தில் வந்தால் வாட்சில் உள்ளது அதில் ஏறிவிடும் என்றாள். அன்று நான் வாய் ஓயாமல் அடுக்கிய நன்மைகள்:

- நடந்தாரா, இல்லையா என்று தெரியும்.
- தூங்கினாரா என்று தெரியும்.
- இனி அவர் பொய் சொல்ல முடியாது. வாய் என்ன சொன்னாலும் கை உண்மையைச் சொல்லிவிடும்.

தோலில் அரிப்பு வரும், பார்த்துக்கொண்டே இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தீமையைச் சொன்னவர் அவர்தான். "ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருசமாச்சு. இப்ப கங்காணியக் கையிலயே கட்டி விட்டுட்டியே மேரி" என்று சிரித்தார்.

இறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் மோதிரம், மணிபர்ஸ், ஜெபமாலை எல்லாம் இருந்தன. வாட்சு மட்டும் இல்லை. ஓட்டத்தில் எங்காவது விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

இப்போது ஆப்பைத் திறந்தேன். இந்த மூன்று வாரமும், தினமும் காலையில், நடை இருக்கிறது. மெதுவாக ஏறி, சமமாகி, மெதுவாக இறங்கும் துடிப்புக் கோடு. இட்லிச் சட்டி மூடி மாதிரி. சாயங்காலம் தவறாமல் பார்த்த கோடு, எனக்கு மனப்பாடம். ஒரு வித்தியாசமும் இல்லை.

அவரை நானே மண்ணில் இறக்கிவிட்டு வந்தேன்.

நவம்பர் 1, சனி

விடியுமுன் மழை பெய்து ஓய்ந்தது. பூசைக்குப் போகவில்லை. அடுப்படியில் காத்திருந்தேன். டிங். வாசலுக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. எதிர்வீட்டுப் பூனை மட்டும்.

ஆனால் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டில் இரண்டு ஈரத் தடங்கள். செருப்புத் தடங்கள். வீட்டைப் பார்த்து நின்றவை.

ஆவிக்குச் செருப்பு எதற்கு என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. தடம் காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வாங்க என்று சொல்லியும் பார்த்தேன், சின்னக் குரலில்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். வெயில் கொளுத்தியது. மெழுகுவர்த்தி, செவ்வந்தி, ஒரு போத்தல் தண்ணீர். மேடு இன்னும் அமுங்கவில்லை. சிமெண்ட் போட இன்னும் காலம் இருக்கிறது என்றான் வேலையாள்.

யாரிடமும் சொல்லக்கூடாத காரியம் ஒன்று செய்தேன். அவர் கைப்பேசியை எடுத்துப் போயிருந்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும், அவர் கை இருக்கும் பக்கம் குனிந்து, லைன் தேடுகிறவள் மாதிரி மண்ணோடு அதைப் பிடித்தேன். பக்கத்துக் கல்லறை அம்மாள் முறைத்தாள். முறைக்கட்டும். ஒன்றும் வரவில்லை. மண் சும்மா இருந்தது.

ராமு அண்ணன் வரவில்லை. இந்து என்றாலும் எங்கள் சாவு எதற்கும் வராமல் இருந்தவர் இல்லை. ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவரும் அந்தோணியும் ஒரே லயத்து வீடுகளில் பிறந்தவர்கள், ஒன்றாக மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். இப்போது வீடும் இரண்டு ரோடு தள்ளித்தான். தினமும் காலையில் சேர்ந்துதான் நடக்கக் கிளம்புவார்கள். அடக்கத்துக்கு வந்து தூரத்தில் நின்றார். அதன்பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சிநேகிதம் என்று மனதுக்குள் திட்டினேன்.

நவம்பர் 3, திங்கள்

மேகமூட்டம். இன்று பார்த்துவிடுவது என்று சீக்கிரமே எழுந்து, போர்ச்சில் காருக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் ஜெபமாலை. பேயென்றால் பேய்.

ராமு அண்ணன் வந்தார்.

கேட்டுக்கு முன்னால் நின்றார். மணியை அழுத்தக் கையைத் தூக்கினார். அழுத்தவில்லை. தூக்கிய கை அப்படியே நின்றது. அதில் வாட்சு. உள்ளே, ஹாலில், டிங்.

எழுந்தேன். "அண்ணே, அது யாரு வாட்சு?"

அவர் ஓடவில்லை. அழ ஆரம்பித்துவிட்டார். கேட்டைத் திறந்து உள்ளே உட்கார வைத்தேன். பாலில்லாமல் தே ஓ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவனுக்கு நடக்க முடியல தங்கச்சி. ரோட்டு முக்கு போறதுக்குள்ள மூச்சு வாங்குது. நீ திட்டுவேன்னு வாட்ச கழட்டி என்கிட்ட கொடுத்துட்டு கோப்பிக் கடையில உக்காந்துக்குவான். நான் சுத்திட்டு வந்து திருப்பிக் கொடுப்பேன்."

"எத்தன நாளா?"

"ஆகஸ்டுலருந்து."

"உங்களுக்குப் புத்தி எங்கண்ணே போச்சு?"

"தோட்டத்துல ஒருத்தனுக்கு முடியலன்னா அவன் நெரையில உள்ள மரத்தையும் நாங்களே வெட்டி முடிச்சிருவோம்லா. கங்காணிக்குத் தெரியாது. அவனுக்கும் அன்னைக்கிச் சம்பளத்துக்குப் பேரு போட்டுருவாங்க. அப்படித்தான் நெனச்சிட்டேன்."

கங்காணி நான்தான் என்பது அப்போது புரிந்தது.

அவர் விழுந்த அன்று இவர் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் கடை முன்னால் கூட்டம். ஆம்புலன்ஸ் போய்விட்டது. வாட்சு இவர் கையில். அதைக் கொடுக்கத்தான் தினமும் கேட்டு வரை வருகிறார். மணியை அழுத்த தைரியமில்லாமல், நாளைக்கு என்று போய்விடுகிறார்.

"அத ஏண்ணே கட்டிக்கிட்டு நடக்குறீங்க?"

"பையில போட்டு வைக்க மனசு வரல. அவன் நெரை பாதியில நிக்கிற மாதிரி இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சார்ஜர்கூட வாங்கிட்டேன் தங்கச்சி."

வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எடுத்துட்டுப் போங்க என்றேன். என்னால் அதைத் தொட முடியவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. சமைக்கவில்லை. நேற்றிலிருந்து எழுதாமல் தள்ளிப் போட்டதை எழுதிவிடுகிறேன்.

அவர் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம். டிவியில் செய்தி. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "மேரி, ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு" என்றார். நான் கிளினிக் கவுண்டரில் இருபது வருடம் உட்கார்ந்தவள். அவர் கைப்பேசியை எடுத்தேன். காலை நடையைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"காலையில குதிரை மாதிரி நடந்திருக்கீங்க. பாருங்க, எவ்ளோ அழகா ஏறி எறங்குது. நெஞ்சு கெட்டவன் இப்படி நடப்பானா? இது வெறும் வாய்வு."

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். நான் கொடுத்த ஓமத் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

சொல்லியிருக்கலாமே. அது என் நடை இல்லை மேரி என்று ஒரு வார்த்தை. தன் நெஞ்சைவிட என் வாய்க்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இன்று அதே நாளைத் தேடித் திறந்தேன். காலைப் பக்கத்தைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை. போனேன். சாயங்காலம், செய்தி நேரம். கோடு எகிறி நிற்கிறது, பல்லுப் பல்லாக. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு. அப்போது வாட்சு அவர் கையில்தான் இருந்தது. அதுதான் அவருடைய துடிப்பு.

வாட்சு பொய் சொல்லவில்லை. விரலால் ஒரு தடவை தள்ளியிருந்தால் பார்த்திருப்பேன்.

ஷீலா கூப்பிட்டாள். "அழிச்சிரவாம்மா?" வேண்டாம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 5, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா. அதே வராந்தா, அதே பச்சை நாற்காலி. இந்த நோட்டுப் புத்தகம் கைப்பையில் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

காலையில் டிங் என்றதும் திறந்து பார்த்தேன். பழக்கம். இட்லிச் சட்டி மூடி இல்லை. சனிக்கிழமையிலிருந்தே கோடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது. நான்தான் ஆவியைத் தேடிக்கொண்டிருந்தேன். இன்று ஏறியது இறங்கவே இல்லை.

கைப்பேசியைப் போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினேன். ராமு அண்ணன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இன்றும் மணியை அழுத்தவில்லை. மழைக் குளிரில் முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, என் மூஞ்சியப் பாருங்க. நெஞ்சு எப்படி இருக்கு?"

"ஒன்னுமில்ல தங்கச்சி. வெறும் வாய்வு."

"வாய மூடிட்டு கார்ல ஏறுங்க!"

வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓட்டினேன். எதைத் திட்டினேன் என்று நினைவில்லை. அவர் ம்ம் ம்ம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ம்ம் நிற்கக்கூடாது என்பதற்காகவே திட்டினேன்.

இப்போதுதான் நர்ஸ் வெளியே வந்தாள். தமிழ்ப் பெண், ஷீலா வயது.

"பொழச்சிக்கிட்டாருக்கா. நல்லவேள, நேரத்துக்குக் கொண்டாந்தீங்க."

போன மாதம் இதே கதவைத் திறந்து வந்தவர்கள் என்னிடம் இதைச் சொல்லவில்லை.

"இது அவரோடதுக்கா, பத்திரமா வச்சிக்குங்க" என்று வாட்சை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். வார் இன்னும் ஈரமாக இருக்கிறது. யார் கையிலும் இல்லை. ஆனாலும் அடியில், துடிப்பைப் படிக்கும் அந்தப் பச்சை விளக்கு மின்னி மின்னி எதையோ தேடிக்கொண்டிருக்கிறது.

மடியில் கவிழ்த்து வைத்தேன். புடவைக்குள்ளும் தெரிகிறது.