அப்பா ஏற்றிய பைலட் சுடர்

என் அருமை அப்பாவுக்கு,

நேற்று நம் ஈஸ்ட் ஹாம் வீட்டில் நடந்ததை உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன். உங்களுக்குப் பிடிக்காதது இருந்தாலும் மறைக்கமாட்டேன்.

குளிர் தொடங்கியபோது சமையலறை பொயிலரின் பைலட் சுடரை நீங்கள்தானே ஏற்றினீர்கள்? ரேடியேட்டர்கள் சூடாவதற்காக இரவு பகலாக எரியும் அந்தச் சின்னச் சுடர், நீங்கள் கண்மூடிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. வருடாந்தச் சுத்தம் செய்ய வந்த உங்கள் சிநேகிதர், காஸ் வேலை செய்யும் குணம் மாமாவை, சுடரை அணைக்கவிடாமல், அம்மா தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"துப்புரவாக்கிறதெண்டால் நூர்க்கவேணும் அக்கா."

"அது அவர் கையாலை ஏத்தினது தம்பி. எரியட்டும்."

ஆனால் அப்பா, சுடர் நீலமாக இல்லை. மஞ்சளாகச் சோம்பி ஆடியது. மூடியில் கரி படிந்திருந்தது. அப்படி எரிந்தால் மணமே இல்லாத நச்சுவாயு வரலாம் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். சமையலறையில் நிற்கும்போதெல்லாம் அம்மாவுக்குத் தலையிடி. அழுவதால்தான் என்று இருவருமே நினைத்திருந்தோம்.

நேற்றுப் பாடசாலை விட்டதும் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். உடனே வந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார்.

"குளிருது தம்பி, சாத்துங்கோ."

"குளிரட்டும். உங்கடை தலையிடி இந்த வாயுவாலைதான். உந்தக் கரியைப் பாருங்கோ, தோசைக்கல்லு தோத்துப்போம். அத்தான் இருந்தால் என்னைத்தான் ஏசியிருப்பார்."

அம்மா சிரிக்கவில்லை. "எனக்குத் தலையிடி புதுசே?" என்றார்.

"எனக்கும் இடிக்குது அம்மா. இதிலை இருந்து ஹோம்வேர்க் செய்யேக்கை."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுதுகொண்டு நிண்டனீங்கள்."

காய்ச்சல் பார்ப்பதுபோல் என் நெற்றியில் கை வைத்தார். பிறகு மாமாவை விலக்கிவிட்டுத் தானே குமிழைத் திருப்பினார். சுடர் சத்தமில்லாமல் போனது. அந்த நேரம் உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா, அப்பா?

மாமா பர்னரைக் கழற்றித் தூரிகையால் தேய்த்தார். விரித்த பத்திரிகை முழுவதும் கரி கொட்டியது. புகைக்குழாயில் அடைத்திருந்த சருகுகளையும் எடுத்தார். திரும்ப ஏற்றும்போது அம்மாதான் குமிழை அழுத்திப் பிடித்தார்.

"விடாதேங்கோ அக்கா, இன்னும் கொஞ்சம்."

"விரல் நோகுது."

"அத்தானும் இப்பிடித்தான் முனகுவார்."

அம்மா சிரித்தார், அப்பா. குமிழை விடாமலே சிரித்தார்.

இப்போது அதே சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். தலையிடிக்கவில்லை. இனி ஒவ்வொரு வருடமும் குளிருக்கு முன் சுடரை அணைத்துச் சுத்தம் செய்விப்போம். எனக்கு நோவென்றால், அம்மா அழுதுகொண்டிருந்தாலும் சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

சுடரின் நிறத்தை இன்றும் பார்க்கவேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். "லைட்டை நூர் பிள்ளை" என்றார் அம்மா. விளக்கை அணைத்து, இருட்டில் சுடரைப் பார்த்துவிட்டு வந்தேன். நீலம்தான், அப்பா.

உங்கள் ஒரே மகள்,
கலா