மரமில்லாத ஊரின் கரி

இன்று காலை பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்குப் பூச ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்தேன். அந்தப் பச்சை வாடை எழுந்ததும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது. எப்போதும் இது உன் வேலை. நீ அரைப்பாய், நான் பூசுவேன்.

நினைவிருக்கிறதா, சபைக் கூட்டத்துக்காக நாம் இருவரும் சீமைக்குப் போன அந்தக் கோடை? நமக்கு வீட்டில் இடம் கொடுத்த துரைசானி அம்மாள், வடகடலைச் சுற்றிப் பார்க்கும் கப்பலில் நம்மையும் ஏற்றிக்கொண்டார். சேலைக்கு மேல் இரவல் கம்பளிக் கோட்டோடு நாம் ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற பனித்தீவுக்குப் போனோம். மறையாத சூரியனைப் பார்த்து, “இவருக்கு வீடு வாசல் கெடையாதா? உறங்கவே போக மாட்டேங்காரே!” என்றாய்.

முதலில் காட்டியது திமிங்கில வேட்டைக்காரர்கள் வாழ்ந்து மறைந்த கரை. எண்ணெய் காய்ச்சிய அடுப்புகளின் கல்வட்டமும், கல்லடுக்கிய சமாதிகளும் மட்டும் மிச்சம். மறுநாள், கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் ஊர். மரவீடுகள் திறந்து கிடந்தன. ஒரு மேசைமேல் கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. “கழுவிக் கவுத்திட்டுல்லா போயிருக்காவ. திரும்பி வார நெனப்பு இருந்திருக்கு” என்று நீ அவற்றைத் தொடாமல் நின்றாய்.

“செத்த ஊர்” என்றார் கப்பல் அதிகாரி.

நீ மலையை மேலும் கீழும் பார்த்தாய். “ஒத்தை மரங்கூட இல்லையே ஏட்டி, கரி எங்கனயிருந்து வந்திச்சு?”

“இது அடுப்புக்கரி இல்ல பிள்ள, நிலக்கரி” என்றேன்.

“எந்தக் கரியா இருந்தா என்ன? மரம் இல்லாமக் கரி ஏது?”

அதையே அதிகாரியிடம் இங்கிலீஷில் கேட்டாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ கோபப்படவில்லை. சுரங்க வாயிலில் கொட்டிக் கிடந்த கற்குவியலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினாய். கப்பல் சங்கு ஊதியது. நான் கூப்பிட்டும் நீ எழவில்லை. கடைசியில் ஒரு சாம்பல்நிறக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதில் நரம்பு நரம்பாக ஓர் இலை அச்சு, நம் ஊர்ப் பூவரசு போல. அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, பல யுகங்களுக்கு முன் இங்கே காடு இருந்ததென்று ஒப்புக்கொண்டார்.

படகில் ஏறும்போது என்னிடம் சொன்னாய்: “ஆளில்லாத ஊருன்னு சொல்லலாம். செத்த ஊருன்னு சொல்லப்படாது.”

திரும்பி வந்ததும் கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே இந்த ஆற்றங்கரை ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தாய். வாந்திபேதி வந்த வருஷத்துக்குப் பிறகு வீடு வீடாகக் கடல் தாண்டி, இலங்கையின் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். போன மாதம் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோனது. துக்கம் ஆறுமுன்னே சபை உபதேசியார் வந்தார்.

“டீச்சரம்மா, ஊரே கப்பலேறிட்டு. பள்ளிக்கூடம் யாருக்கு? செத்த ஊரும்மா இது. சாவியத் தாங்க, நெல்லு போட்டுக்கிடுதோம்.”

‘செத்த ஊர்’ என்ற அந்தச் சொல்தான் என்னை நிமிர்த்தியது. “மரமே இல்லாத ஊருல கரி எங்கனயிருந்து வந்திச்சு, உபதேசியாரே?”

“நான் என்ன கேக்கேன், நீங்க விடுகதை போடுதிய!”

“அடுத்த வாரம் வாங்க. விடை சொல்லுதேன்.”

நீ கல்லைப் புரட்டியதுபோல நான் ஊரைப் புரட்டினேன். அறுத்த வயல்களில், ஊர் ஊராக நகரும் இடையர்கள் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடையோடு வந்த சிறுமிகள் வரப்பில் குந்தியிருந்தார்கள். அவர்களை இந்த ஊர்ப் பிள்ளைகளாக யாரும் கணக்கில் எடுத்ததில்லை, நானும்தான்.

“படிச்சா ஆடு சொன்னபடி கேக்குமாக்கும்?” என்றாள் ஒரு தாய்.

“கேக்காது. ஆனா யாராவது ஆட்டைக் கொறைச்சு எண்ணினா இவ கேப்பா” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே மகளை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

உபதேசியார் மறுபடி வந்தபோது பாய் நிறையப் பிள்ளைகள். வாசலில் சற்று நின்றார். “கிடை நகந்துட்டா?” என்றார். “அடுத்த கிடை வரும்” என்றேன். சாவியைக் கேட்காமலே போனார். அது என் முந்தானையில்தான் இருக்கிறது.

இன்று பலகை காயும் நேரத்தில் ஒரு சிறுமி மேசைமேல் இருந்த உன் கல்லை எடுத்து, இலை நரம்பில் விரலை ஓட்டினாள். “எந்த ஊருப் பூவரசு டீச்சர் இது?”

“மரமே இல்லாத ஊரு.”

“மரமே இல்லாத ஊருல இலை எங்கனயிருந்து வந்திச்சு?”

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பலகை காய்ந்ததும் அவள் கேள்வியையே முதல் பாடமாக எழுதினேன்.