ரோடு நம்ம வீட்டில் இருக்கிறது

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

முதியோர் எழுத்து வகுப்பில் கலாவதி டீச்சர் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னார். "சாலைப் பணி நடைபெறுகிறது" என்று எழுதினேன். ரோடு ரோலர் ஓட்டிய காலமெல்லாம் இந்த வரி இருக்கும் பலகையைத் தூக்கிப் போய் நட்டவன் நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போன மாதம்தான் படித்தேன். ரோட்டிலேயே நின்று சிரித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

செப்டம்பர் 17

மருமகள் திரிஷாவின் பெட்டிக்கு சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தூசி எடுத்தேன். கல்யாணச் சீரோடு வந்த பெட்டி. "பீரோ வரும்னு பாத்தா கம்ப்யூட்டர் வந்துக்கினு கீது" என்று என் வீட்டுக்காரி எல்லம்மாள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இதில் கார் ரேஸ் நடக்கிறது. கோயம்புத்தூர், மலேசியா என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் வீட்டில் ஸ்டீயரிங் பிடித்து, ஒரே ரேஸில் ஓடுகிறார்கள். எப்படி என்று முன்பே கேட்டிருக்கிறேன். "கார் அவங்க வீட்ல மாமா. ரோடு நம்ம வீட்ல. இந்தப் பெட்டிக்குப் பேரு சர்வர்" என்றாள்.

ரோடு நம்ம வீட்டில்! அன்றிலிருந்து பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் நெட் ஒயரை வெட்டிவிட்டார்கள். ரேஸ் பாதியில் நின்றது. முதலில் ஓடிக்கொண்டிருந்தவன் சின்ன காஞ்சிபுரம் அச்சுத். அவன் குரூப்பில் போட்டதை நானே படித்தேன். "இன்னொரு தடவை நின்னா வேற சர்வருக்குப் போயிடுவேன்." இதைப் படிக்கவா எழுத்து கற்றேன்?

திரிஷா சாப்பிடவில்லை. "அவன் போனா எல்லாரும் போயிடுவாங்க மாமா. ஒவ்வொருத்தரா கூப்ட்டு சேத்தது."

இந்த சீசனின் கடைசி ரேஸ் ஆயுத பூஜை அன்று சாயங்காலம். லீவு நாள், எல்லோரும் வருவார்களாம்.

செப்டம்பர் 28

பேட்டரி பார்த்தேன். நெட் பார்த்தேன். மழை வராமல் இருக்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்னா பண்ணிட்டேன் நான்.

காலையில் திரிஷா மாகறலுக்கு, அம்மா வீட்டுப் படையலுக்குக் கிளம்பினாள். "ஆறு மணிக்கு ரேஸ் அதுவா ஆரம்பிச்சிக்கும். அதுக்குள்ள வந்துடுவேன். பெட்டிக்கும் பூஜை போட்ருங்க மாமா."

போட்டேன். சந்தனம், குங்குமம், பொரி. பூஜை போட்ட வண்டியை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. ரோலர் சாவியை அம்மன் படத்துக் காலடியில்தான் வைப்பேன். பெட்டிக்குச் சாவி ஏது? ஒயரைப் பிடுங்கி வைத்தேன்.

ரேஸ் என்னாகும் என்று யோசிக்காமல் இல்லை. ரோலர் நின்றாலும் போட்ட ரோட்டில் வண்டிகள் ஓடும்தானே? அப்படித்தான் நினைத்தேன் — பெட்டி நின்றால் ரோடே இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் தாமதம். அவள் வந்தபோது ஆறு தாண்டிவிட்டது. போன் விடாமல் கத்தியது. அம்மன் காலடியில் ஒயரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம்.

"போனைக் குடும்மா."

"நீங்களா மாமா?"

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். "நான் திரிஷாவின் மாமனார் பரசுராமன். பூஜை போட்டு ஒயரை எடுத்தது நான். அவள் மேல் தப்பு இல்லை. என்னைத் திட்டுங்கள். போகாதீர்கள்."

எல்லம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

அப்புறம் அச்சுத் பதில் போட்டான். திரிஷா படிக்க வந்தாள். நானே படிக்கிறேன் என்றேன். "எங்காத்துலயும் ஸ்டீயரிங்கைப் பூஜைல வெச்சுட்டா தாத்தா. அம்மாக்குத் தெரியாம எடுத்துண்டு வந்து உக்காந்திருக்கேன். திருப்பி வெச்சுடறேன். நாளைக்கே ஓட்டலாம்."

மலேசியா குமரகுரு தன் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்துப் படம் அனுப்பினார்.

அக்டோபர் 2. விஜயதசமி

வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். "சக்கரமே இல்லாத பொட்டிக்கு எங்கய்யா வைப்பே?" என்று எல்லம்மாள் சிரித்தாள். திரிஷா தன் ரேஸ் பெடலுக்கு அடியில் பாலிதீன் விரித்துப் பழத்தை வைத்தாள். "மிதிங்க மாமா." மிதித்தேன். சாறு என் வேட்டியெல்லாம்.

ரேஸ் நிற்காமல் ஓடி முடிந்தது. குமரகுரு ஜெயித்தார். அச்சுத் இரண்டாவது. அவனுக்குக் கோபம் என் மேல் இல்லை, கடைசி வளைவின் மேல்தான்.

அக்டோபர் 9

எழுத ஒன்றுமில்லை. பெட்டி ஓடுகிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

புது சீசனின் முதல் ரேஸுக்குச் சற்று முன் பெட்டியில் ஏதோ கோளாறு. திரிஷா அதைத் திறந்து உட்கார்ந்தாள். "நீங்க பலகை நட்டுடுங்க மாமா" என்று போனை நீட்டினாள்.

"சாலைப் பணி நடைபெறுகிறது. பொறுத்திருக்கவும்." பார்க்காமல் அடிக்க இன்னும் வரவில்லை. ஆனால் பிழை இல்லை.

"இருக்கோம் தாத்தா" என்றான் அச்சுத்.

காத்திருப்பவர்களின் பெயர்களை மேலிருந்து படிக்கத் தொடங்கினேன். அச்சுத், குமரகுரு, கோயம்புத்தூர் அபி. அதற்குக் கீழே நான் இதுவரை படிக்காத பெயர்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போனேன். பாதி படிப்பதற்குள் ரோடு திறந்துவிட்டது.