ஆஸ்திரியா போகாத பூட்ஸ்

ஆஸ்திரியாவில் சறுக்கிக்கொண்டிருப்பவருக்கு,

"நார்வே பனி கல்லா இறுகிப்போச்சு, அங்கதான் வெயிலு, நீளமான சரிவு"ன்னு சொல்லிட்டு ஈஸ்டருக்கு நீ மட்டும் கிளம்பின. இறுகித்தான் கிடக்கு, ஒத்துக்கறேன். ஆனா பின்கதவைத் திறந்தாலே சரிவு. நானும் உன் மக ஈங்குனும் சறுக்கி முடிச்சு, வழக்கம்போல பனியில குழி வெட்டி, வெயில்ல உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சோம். உனக்கும் சேர்த்துத்தான் குழி வெட்டினா அவ.

சறுக்குக் கட்டையைத் திருப்பி வைக்கக் கொட்டகைக்குப் போனவ கேட்டா: "அம்மா, அப்பாவோட சறுக்கு பூட்ஸ் இங்கயே இருக்கே! வெறுங்காலோடவா சறுக்கறாரு?"

அடுத்தவன் போட்ட வாடகை பூட்ஸ்ல காலே வைக்க மாட்டேன்னு எத்தனை வருஷமாப் பீத்திக்கிட்ட!

பூட்ஸ் வாசல்ல இருக்கு. நேத்து மழையில நிரம்பிக் கிடக்கு. தண்ணியைக் கொட்டி எடுத்துக்கோ. கதவைத் தட்டாதே.

இங்கேயே சறுக்குகிறவள்